இரண்டும் இடது

மஞ்சக்குப்பம் ஆவண அறையில்
மூன்றாவது வாரம்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை.
பாண்டியிலிருந்து காலை பஸ்ஸில்
கிருமாம்பாக்கம் தாண்டும்போதே
கேள்வித்தாள் கட்டை மடியில் வைத்து எண்ணிவிடுவேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம்.
அலைக்குப் பிந்தைய நிவாரணமும் பயனாளிகளும்
என்று தலைப்பைச் சொன்னதும்
"வாங்குனவங்கள எண்றதுக்கு ஒரு படிப்பா" என்றாள் அம்மா,
நெத்திலியில் குப்பை பிரித்துக்கொண்டே.

முதுகலை, பொது நிர்வாகம்.
விருப்பப் பாடம் தொண்டு நிறுவன மேலாண்மை.
இரண்டாம் பருவத்தில் ஒரு முழுத்தாள்
ஒருங்கிணைப்பு பற்றி.
கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தோம்,
மேலிருந்து கீழே தடித்த கோடு,
கீழிருந்து மேலே புள்ளிக்கோடு.
என் கட்டங்கள் நேராக இருப்பதாக
லூர்துநாதன் சார் வகுப்பில் தூக்கிக் காட்டினார்.

இன்று கட்டு எண் நாற்பத்தொன்று.
இற்றுப்போன நூல் தொட்டதும் விட்டது.
கரைவிளக்கு அறக்கட்டளை, வழங்கல் பட்டியல்,
தேவனாம்பட்டினம்.
வரிசை எண் 87:
அஞ்சலாட்சி, த/பெ மாசிலாமணி, வயது 8.
பள்ளிப்பை ஒன்று, செருப்பு ஒரு ஜோடி.
எதிரே ஊதா மையில்
என் கட்டைவிரல்.

எட்டு வயதில் எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.
யாரும் கேட்கவில்லை.
விரலைப் பிடித்து அழுத்திய கையில்
ஒரு கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது.

ஒரு ஜோடிதான்.
ஆனால் இரண்டும் இடது கால்.
எனக்கு மட்டுமில்லை, தெருவுக்கே.
நாலாம் வகுப்பு முழுக்க
சுண்டுவிரல் வாரில் நெரிபட நடந்தேன்.
மணலில் என் தடம் ஒரே பக்கம் சாயும்.
நொண்டி விளையாட்டில் மட்டும்
எங்களை எவரும் ஜெயித்ததில்லை.

மடிக்கணினியில் அந்தப் பத்தி
"வழங்கப்பட்டது" என்று கேட்கிறது.
ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம்.
ஒன்று என்று அடித்தேன்.
அழித்தேன்.
டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து, தேடாத ஒரு கட்டில்,
அது வருவாய்த்துறைப் பக்கத்து அலமாரி,
கோடு போட்ட நோட்டுத்தாள்:
"ஐயா, சோனாங்குப்பம் ஊர்ப் பொதுமக்கள் எழுதிக்கொண்டது.
வந்த செருப்பு அனைத்தும் வலது கால்.
ஆவன செய்யவும்.
இப்படிக்கு, தேசப்பன்."
மூலையில் சிவப்பு மை: கோப்பில் வைக்க.

வைத்திருக்கிறார்கள்.
நன்றாகவே வைத்திருக்கிறார்கள்,
கரையான்கூடத் தொடவில்லை.

எங்கள் ஊர் மனு அறக்கட்டளைக் கட்டில் இருந்தது.
நாலு நாள் வித்தியாசம்.
அது ஓர் அலமாரி, இது ஓர் அலமாரி.
வெளியே, அங்கும் இங்கும் இடையில்
கெடிலம் கடலில் விழும் வாய்.
தோணியில் கால் மணி நேரம்.

பத்தொன்பது வருஷம் கழித்து
இரண்டு தாளையும் ஒரே மேசையில் வைத்தேன்.
அலுவலர் குணவதி எட்டிப் பார்த்தார்,
சிரித்தார்,
முத்திரைத் தேதியைப் படித்ததும்
"அப்ப நான் சர்வீஸ்லயே சேரல" என்றார்,
நான் எதுவும் கேட்காமல்.

சாருக்குப் போன் போட்டேன்.
"சம்பவம்மா அது, தரவு இல்ல.
வேணும்னா அடிக்குறிப்புல போடு."
அடி என்றால் பாதம்தான்.
சார் அதை நினைத்துச் சொல்லவில்லை.

என் மாதிரிப் பட்டியலில் சோனாங்குப்பம் விழவில்லை.
குலுக்கலில் விடுபட்ட ஊர்.
இருநூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டு
பென்சிலால் பதின்மூன்று என்று எழுதினேன்.
முறையியல் அத்தியாயத்தில் இதற்கு
என்ன காரணம் எழுதுவது என்று தெரியவில்லை.

நாளைக்குத் தேசப்பனைத் தேட வேண்டும்.
இருந்தால், கேள்வித்தாளை எடுக்குமுன்
இதைத்தான் கேட்கப்போகிறேன்:
அண்ணே, அப்போ உங்க கால்
எத்தன நம்பர்?